மெக்கானிக்கல் முடித்தவர்களின் முதல் இரண்டு வருஷம்: ஆர்டர், மைக்ரோமீட்டர், ரிலீவிங் லெட்டர்

கடைசி செமஸ்டர் முடிவு வந்த வாரத்தில் சொந்தக்காரர்கள் கேட்பது, "வேலை கெடச்சுதா?" ஆறு மாதம் போனால், "எவ்வளவு தர்றாங்க?" இரண்டு வருஷம் கழித்து அடுத்த கம்பெனியின் நேர்காணலில் உட்காரும்போது எதிரே இருப்பவர் கேட்பது வேறு: "அங்கே நீங்க என்ன செய்தீங்க? அதுக்குத் தாள் இருக்கா?" முதல் இரண்டு கேள்விகளிலேயே அலைந்து களைத்துப்போகிற பிள்ளைகள் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. திறமைக் குறைவால் அவர்கள் தடுமாறுவதில்லை. முதல் நாளிலிருந்து எதைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர், ஓசூர் சிப்காட், கோவை என்று வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் டிரெய்னியாகச் சேரும் மெக்கானிக்கல் பட்டதாரிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன் படித்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆர்டரில் யார் பெயர் இருக்கிறது

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் தொழிற்சாலையின் பெயரா, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் பெயரா? ஒரே லைனில், ஒரே யூனிஃபார்மில், ஒரே வேலையைச் செய்யும் மூன்று பேர் மூன்று விதமான தாளில் இருப்பார்கள். ஒருவர் கம்பெனி ரோலில் கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னி. இன்னொருவர் 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சியாளர். மூன்றாமவர் கான்ட்ராக்ட். இரண்டு வருஷம் கழித்து இந்த மூவரின் அனுபவச் சான்றிதழும் ஒன்றுபோல எடைபோடப்படாது.

அப்ரன்டிஸாகச் சேர்வது மோசமான வழி கிடையாது. பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்குள் ஒரு வருஷம் காலெடுத்துவைக்க அதுதான் பலருக்குக் கிடைக்கும் கதவு. 2019 விதித் திருத்தம் பட்டதாரிப் பயிற்சியாளருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. ஆனால் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பயிற்சியாளருக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் கிடையாது. அடுத்து, உங்கள் ஒப்பந்தம் நாட்ஸ் என்ற மத்திய அரசின் தொழிற்பயிற்சித் தளத்தில் பதிவாகி, அதற்கு எண் வந்திருக்க வேண்டும். பதிவாகாமல் "அப்ரன்டிஸ்" என்று வாயால் சொல்லி ஒரு வருஷம் ஓட்டிவிட்டால், சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் உங்களுக்கு வராது. சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதினோராவது மாதத்தில் கேட்டுப் பயனில்லை.

22,000 என்றால் கையில் எவ்வளவு

சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) வருஷத்துக்கு 2,64,000 என்றால் மாதம் 22,000 வரும் என்று கணக்குப்போட்டு அறை வாடகைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். முதல் சம்பளத்தில் 17,000 வந்ததும் கம்பெனி ஏமாற்றிவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஏமாற்று இல்லை, கணக்குத்தான்.

அடிப்படைச் சம்பளம் 11,000 என்று வைப்போம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,320. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம், 529. ஆண்டு இறுதியில் தரும் 11,000 போனஸை மாதத்துக்குப் பிரித்தால் 917. இந்த மூன்றும் சி.டி.சி.க்குள்ளேயே இருக்கும். மிச்சம் 19,234. இதற்குள் கம்பெனியின் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதமும் ஒளிந்திருக்கிறது, சுமார் 605 ரூபாய். ஆக மொத்தச் சம்பளம் 18,629. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 140. கையில் 17,169. கேன்டீன், கம்பெனி பஸ் பிடித்தம் இதற்குமேல். தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள், அந்த மாதம் இன்னும் கொஞ்சம் குறையும். வாடகை பேசும் முன் இந்தக் கணக்கை உங்கள் ஆர்டரில் உள்ள எண்களை வைத்து ஒருமுறை போட்டுப்பாருங்கள். பிரிப்பு அட்டவணை இல்லாமல் ஒரே தொகையாக எழுதியிருந்தால் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதால் வேலை போகாது.

மாதச் சம்பளம் 21,000-க்குள் இருக்கும்வரை இ.எஸ்.ஐ. உண்டு. இதில் பலர் கோட்டைவிடுவது பெற்றோர் விஷயத்தில். உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். அவர்களுடைய எல்லா வருமானமும் சேர்த்து மாதம் 9,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. கல்யாணம் ஆகாத பையன், தனி ஆள் என்று படிவத்தில் குடும்ப விவரத்தைக் காலியாக விட்டுவிட்டு, பிறகு அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கும் அம்மாவின் மூட்டுவலிக்கும் கைக்காசு செலவழிக்கிற வீடுகள் ஏராளம். சேர்ந்த வாரத்திலேயே எழுதுங்கள்.

இனிஷியல்

நம்மூர்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ள சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "அருண் கே". ஆதாரில் "கே அருண்". பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து "அருண் குமாரசாமி". வங்கியில் இனிஷியலே இல்லாமல் "அருண்". படிக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பி.எஃப்.புக்கான 12 இலக்க யு.ஏ.என். உருவாகி, அதில் ஆதார், பான், வங்கி விவரத்தை இணைக்கும்போது முட்டும். அங்கே முட்டினால் பிறகு பணத்தை மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

திருத்தும் வரிசை முக்கியம். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடித்தளமாக வையுங்கள், ஏனென்றால் அதை மாற்றுவதுதான் மிகக் கடினம். முதலில் ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள். பிறகு பான். பிறகு வங்கி. கடைசியில் யு.ஏ.என். வரிசை மாறினால் ஒன்றைத் திருத்த இன்னொன்றைக் கேட்பார்கள், சுற்றிச்சுற்றி வருவீர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தே எழுதவேண்டியிருக்கும். வெளிநாட்டு யோசனை இருப்பவர்கள் அந்த விரிவாக்கத்தின் எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: அசல் சான்றிதழ்கள். சரிபார்ப்புக்குக் காட்டலாம், அன்றே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பாண்ட் என்பது இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதித்தரும் ஒப்பந்தம். "பாண்ட் முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்" என்று கேட்கிற இடங்கள் இன்னமும் உண்டு. அங்கே அசலைக் கொடுத்தவர்கள் நல்ல வாய்ப்பு வரும்போது கையைப் பிசைந்து நிற்கிறார்கள். பட்டச் சான்றிதழ் தொலைந்தால் போலீஸிடம் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற சான்று வாங்குவதில் தொடங்கி மாதக்கணக்கில் அலையவேண்டிவரும்.

பாண்ட் பற்றி விடுதி அறைகளில் உலவும் பேச்சு ஒன்று: "அதெல்லாம் கோர்ட்ல செல்லாதுடா." நம்பாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. ஆகவே எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்றும் ஆகாது. தொகை நியாயமாக இருக்கிறதா, உங்கள் பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்தார்களா என்று பார்ப்பார்கள். வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை வேறு கதை. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்றே எண்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மாதம், எவ்வளவு தொகை, நோட்டீஸ் எத்தனை நாள். பயிற்சிக் காலம் பாண்ட் காலத்துக்குள் சேருமா, அது முடிந்தபின் பாண்ட் தொடங்குமா என்பதையும் கேளுங்கள். இங்கேதான் ஒரு வருஷம் கூடிப்போகிறது.

லைனில்

டிரெய்னியைப் பெரும்பாலும் குவாலிட்டியில் போடுவார்கள், அல்லது புரொடக்‌ஷனில். குவாலிட்டியில் விழுந்தால் "செக்கிங் வேலைதான்" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். முதல் இரண்டு வருஷத்தில் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் அதுதான். ட்ராயிங், மெஷின், கருவி, வாடிக்கையாளர் எல்லாமே அங்கே வந்து சேர்கின்றன.

அளப்பதில் ஒரு சம்பவத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கிரைண்டிங்கில் 50 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் எச் 6. அதாவது மேல் எல்லை 50.000, கீழ் எல்லை 49.984. மொத்தம் 0.016 மி.மீ., அதாவது 16 மைக்ரான். இதை அளக்கும் கருவி அந்த அகலத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக்காட்ட வேண்டும். 0.02 வெர்னியர் இங்கே உதவாது, 0.01 மைக்ரோமீட்டரும் போதாது. 0.001 காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வேண்டும். சரி, அதையும் எடுத்தாயிற்று. மெஷினிலிருந்து வந்த பாகத்தைத் துணியால் துடைத்து உடனே அளக்கிறார் டிரெய்னி. 50.004 காட்டுகிறது. எல்லைக்கு மேலே. 12 மைக்ரான் குறைக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் ஆஃப்செட் (மெஷினில் அளவுத் திருத்தம்) போடவைக்கிறார். அடுத்த பாகம் 49.992, நடு மத்தி. திருப்தியோடு ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு நகர்கிறார்.

காலையில் ஆறிய லாட்டை அளந்தால் எல்லாம் 49.983 சுற்றி. கீழ் எல்லைக்கு வெளியே. பெரிசாக இருந்திருந்தால் மறுபடி தேய்த்திருக்கலாம். சிறுத்துப்போன ஷாஃப்டை என்ன செய்ய?

நடந்தது இதுதான். பாகம் மெஷினிலிருந்து வரும்போது 48 டிகிரி, மைக்ரோமீட்டரும் அதைச் சரிபார்த்த செட்டிங் பாரும் ஷெட்டின் சூட்டில் 32 டிகிரி. வித்தியாசம் 16. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். 50 மி.மீ.க்கு 16 டிகிரி என்றால் 9 மைக்ரான். உண்மையில் 49.995 இருந்த நல்ல பாகம் சூட்டில் 50.004 காட்டியது. கருவியும் பாகமும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் எஃகு என்பதால் பிழை பெரும்பாலும் கழிந்துபோகும். ட்ராயிங்கில் உள்ள அளவுக்கு அடிப்படை 20 டிகிரி என்றாலும், 32 டிகிரி ஷெட்டில் எஃகு பாகத்தை எஃகு மாஸ்டரோடு (அளவு உறுதியாகத் தெரிந்த மாதிரித் துண்டு) ஒப்பிட்டு அளக்க முடிவது அதனால்தான். அலுமினியப் பாகம் என்றால் இந்தச் சமாதானம் செல்லாது, அது எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

ஆகவே பழக்கமாக்க வேண்டியது: பாகத்தைக் கிரானைட் தட்டின்மேல் ஆறவிடுங்கள், மைக்ரோமீட்டரை மாஸ்டரில் வைத்துப் பூஜ்ஜியம் பாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல் இரண்டு முனை, நடு, ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை அளங்கள். மைக்ரோமீட்டரின் நுனியில் உள்ள ராட்செட்டைப் பிடித்துச் சுழற்றுங்கள், திம்பிள் என்ற பெரிய உருளையைப் பிடித்து இறுக்காதீர்கள். ஒரே ஒரு பாகத்தின் அளவை வைத்து ஆஃப்செட் மாற்றச் சொல்லாதீர்கள், அடுத்தடுத்து ஐந்து பாகம் பாருங்கள். பழைய ஆபரேட்டர் "கொஞ்சம் ஆறட்டும் தம்பி" என்று சொன்னால் அது சோம்பேறித்தனம் இல்லை. அந்த 9 மைக்ரானை அவர் கணக்கில்லாமலே அறிந்தவர். அவரை "அண்ணே" என்று கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். காலேஜில் சொல்லித்தராத பாதி பாடம் அவரிடம் இருக்கிறது.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆவணப் பக்கம் நகருங்கள். வாகன உதிரிபாகத் தொழிலில் எல்லாம் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையைச் சுற்றியே ஓடும். புதிய பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் பிபாப் கோப்பில் 18 அங்கங்கள். அவற்றில் ப்ராசஸ் ஃப்ளோ (வேலை நடக்கும் வரிசை), ஃபெமியா (எங்கே என்ன தவறலாம் என்ற பட்டியல்), கன்ட்ரோல் பிளான் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஃபெமியாவில் "விட்டம் சிறுத்துப்போகலாம்" என்று எழுதிவிட்டு, கன்ட்ரோல் பிளானில் அந்த விட்டத்தைச் சோதிக்கும் வரியே இல்லாமல் விட்டால் ஆடிட்டர் முதலில் பிடிப்பது அதைத்தான். இந்த மூன்றையும் ஒரே ஒரு பாகத்துக்கு நீங்களே உட்கார்ந்து எழுதிப்பாருங்கள். நேர்காணலில் நாற்பது நிமிடம் பேசும் சரக்கு அதில் இருக்கிறது.

எம்.எஸ்.ஏ. செய்யச் சொல்வார்கள், அதாவது அளக்கும் முறையையே நம்பலாமா என்ற சோதனை. பத்து பாகம், மூன்று பேர், ஆளுக்கு மூன்று முறை. அளவீட்டுப் பிழை 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது, 30 தாண்டினால் அந்தக் கருவியை அந்த வேலைக்கு ஏற்க முடியாது. டிரெய்னிகள் வழக்கமாகத் தவறுவது பாகங்களை எடுப்பதில். மெஷின் பக்கத்து ட்ரேயிலிருந்து வரிசையாகப் பத்தை அள்ளிவிடுகிறார்கள். அடுத்தடுத்து வந்த பாகங்களுக்குள் வித்தியாசமே இருக்காது. பாகங்களின் வேறுபாடு சிறுத்தால் அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் கருவிப் பிழை பெரிதாகத் தெரியும். நல்ல கருவி கெட்ட பெயர் வாங்கும். வெவ்வேறு ஷிஃப்ட், வெவ்வேறு நாள் என்று எடுத்து, எல்லை முழுவதும் பரவியிருக்குமாறு பாருங்கள். அளப்பவருக்குப் பாகத்தின் எண் தெரியக்கூடாது.

வாடிக்கையாளர் புகாருக்கு 8-டி (எட்டுப் படிகளில் காரணமும் தீர்வும் சொல்லும் அறிக்கை) எழுதும்போது மூல காரணமாக "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள். திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். கவனம் தப்பினாலும் தப்பான பாகம் ஃபிக்ஸ்சரில் (பாகத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பு) ஏன் உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. ஒரு பின் வைத்து அது உட்கார முடியாதபடி செய்தால் அது தீர்வு. இரவு ஷிஃப்டில் எட்டாவது மணிநேரம் நிற்கிற மனிதன்மேல் பழியைப் போடுவது தீர்வாகாது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்: எந்த மெஷின், என்ன சிக்கல், முன்பு ரிஜெக்‌ஷன் எவ்வளவு, செய்தபின் எவ்வளவு, செட்டிங் நேரம் எத்தனை நிமிடம் குறைந்தது. "குவாலிட்டி வேலைகளைக் கவனித்தேன்" என்ற ரெஸ்யூமே வரியும், "செட்டிங் நேரம் 55 நிமிடத்திலிருந்து 35" என்ற வரியும் ஒன்றாகாது. ட்ராயிங்கையோ வாடிக்கையாளர் கோப்பையோ மட்டும் மொபைலில் படமெடுத்துப்போகாதீர்கள். அது கம்பெனியின் சொத்து, வேலையோடு வழக்கும் சேரும்.

மற்ற வழிகள்

எல்லோரும் லைனில் நிற்க வேண்டும் என்பதில்லை. ஐ.டி.க்கு மாறுகிறவர்கள் மாறட்டும், ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "மூன்று வருஷ அனுபவம் போட்டுத் தர்றோம்" என்று காசு கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் யு.ஏ.என். வரலாற்றைப் பார்ப்பார்கள். அனுபவம் இருப்பதாகச் சொன்ன மாதங்களில் பி.எஃப். ஒரு ரூபாய்கூட விழவில்லை என்றால் அங்கேயே முடிந்தது. சேர்ந்து ஒரு வருஷம் கழித்தும் வெளியே அனுப்புகிறார்கள்.

வளைகுடாவை நினைத்து என்.டி.டி. (பாகத்தை உடைக்காமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை) படிக்கிறவர்கள் திருச்சிப் பக்கம் நிறைய. பத்துப் பதினைந்து நாள் வகுப்பில் தரும் லெவல் 2 தாளை இறுதிச் சான்றிதழாக நம்பிவிடுகிறார்கள். இந்தச் சோதனையாளர்களுக்கான எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற வழிகாட்டி முறையில் சான்றளிக்கும் பொறுப்பு வேலை தரும் நிறுவனத்துடையது. பயிற்சி நேரம், வேலையில் செய்த மணிநேரம், கண் பரிசோதனை மூன்றும் வேண்டும். வகுப்பு முடித்த கையோடு ஏதாவது ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் லெவல் 2 ஆளின் கீழ் வேலை செய்து, மணிநேரங்களைப் பதிவேட்டில் கையெழுத்தோடு சேர்த்தால்தான் அந்த வகுப்புக் காசுக்குப் பலன்.

கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 மதிப்பெண்ணில் பொதுத் திறன் 15, மெக்கானிக்கலில் கணிதம் சுமார் 13. ஷிஃப்டில் வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் இந்த 28-ஐ முதலில் கைவசப்படுத்துங்கள், களைத்த மூளைக்கும் இது வரும். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும்.

கல்விக் கடன் இருப்பவர்கள் அதை இரண்டு வருஷம் மறந்துவிடாதீர்கள். 4 லட்சத்துக்கு 10 சதவீதம் தனிவட்டி என்றாலும் ஐந்து வருஷத்தில் 2 லட்சம் அசலோடு ஏறி நிற்கும். முதல் சம்பளத்திலிருந்து அந்த மாத வட்டியையாவது கட்டுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிப்புக் காலத்துக்கான வட்டி மானியம் வந்து சேர்ந்ததா என்று வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். மேனேஜர் மாறிய கிளைகளில் விண்ணப்பம் அப்படியே கிடப்பதுண்டு.

விலகும் போது

பதினெட்டு மாதத்துக்கு முன் விலகினால் "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்பதற்கே நேர்காணலில் பாதி நேரம் போகும். உடம்புக்கோ மரியாதைக்கோ கேடு வருகிற இடமாக இருந்தால் இந்தக் கணக்குப் பார்க்காமல் வெளியேறுங்கள். மற்றபடி புது ஆர்டர் கையில் வந்தபின் ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அதற்கு ஏற்புப் பதிலையும் வாங்குங்கள். கடைசி வேலைநாளைத் தேதியாக எழுதிக் கேளுங்கள். பழைய இடத்தின் கடைசி நாளும் புது இடத்தின் முதல் நாளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் யு.ஏ.என்.னில் இரட்டை வேலையாகத் தெரியும்.

கையோடு வாங்கவேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தச் சான்று, கணக்குத் தீர்த்த தாள். கம்பெனி மின்னஞ்சல் கணக்கு மூடப்படும் முன் சம்பளச் சீட்டுகளை இறக்கிச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரிக்கு உட்படும், சேவைக் காலமும் அறுந்துபோகும். மாற்றுவதற்குப் பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியை யு.ஏ.என்.னில் பதிந்திருக்க வேண்டும். பல இடங்களில் பதிய மறந்துவிடுவார்கள். கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆனபின், ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. வைத்து அந்தத் தேதியை நீங்களே பதியலாம். அதற்காகவாவது பழைய நம்பரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.